வாட்ஸப் வம்பு முதல் கூலி பாக்கி வரை: யூத மரபிடம் இன்று கேட்கும் கேள்விகள்

யூத மரபைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அந்தப் பேச்சு வந்தாலே நண்பர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். யூதர்களுக்குள் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ், நடுவழியில் போகும் கன்சர்வேட்டிவ், தளர்வான ரிஃபார்ம் என்று பிரிவுகள் உண்டு. வேறுபாடு பெரிதாக இருக்கும் இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

ஆடு மாடு மேய்த்த காலத்துச் சட்டம் செல்போன் காலத்துக்கு எப்படிப் பொருந்தும்?

தோரா ஒன்றுதான் யூதச் சட்டம் என்று எடுத்துக்கொண்டால் பொருந்தாதுதான். ஆனால் மோசேயின் ஐந்து ஆகமங்களான தோராவுக்கு மேல், கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா இருக்கிறது. அதற்கு மேல் பல தலைமுறை விவாதங்களைப் பதிந்து வைத்த தல்மூத். அதற்கும் மேல், ஊர் ஊராக மக்கள் கேட்ட சந்தேகங்களுக்கு ரபிகள் எனும் சமய அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக எழுதிவரும் பதில்கள். இந்த வழிமுறைக்கு ஹலாகா என்று பெயர். 'நடப்பது' என்ற வேரிலிருந்து வந்த சொல்.

இது எப்படி இயங்குகிறது என்பதற்கு ஒரு பழைய உதாரணம். ஏழாம் ஆண்டு வந்தால் கடன்கள் ரத்தாக வேண்டும் என்கிறது தோராவின் ஐந்தாம் நூலான உபாகமம். ஏழைக்கு நல்லது செய்ய வந்த சட்டம். நடந்தது வேறு. ஏழாம் ஆண்டு நெருங்க நெருங்க யாரும் கடன் கொடுக்கவில்லை, ஏழைதான் தவித்தான். 2,000 ஆண்டுகளுக்கு முன் ஹில்லேல் என்ற ரபி இதைப் பார்த்து ஒரு பத்திர முறையைக் கொண்டுவந்தார். கடன் கொடுத்தவர் தன் கடன்களை வழக்கு மன்றத்திடம் ஒப்படைத்துவிடுவார்; மன்றம் வசூலிக்கும் கடன் ரத்தாகாது. தோராவின் வரியில் ஓர் எழுத்தையும் அவர் தொடவில்லை. அது யாரைக் காப்பாற்ற வந்ததோ அவரைக் காப்பாற்ற வழி செய்தார்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். ஓர் அடுப்பு தீட்டுப்படுமா இல்லையா என்று ரபிகளுக்குள் வாக்குவாதம். எலியேசர் என்ற ரபி தன் கட்சியை நிரூபிக்க மரத்தைப் பெயரச் செய்கிறார், வாய்க்காலைப் பின்னோக்கி ஓடவைக்கிறார். கடைசியில் "எலியேசர் சொல்வதே சரி" என்று வானத்திலிருந்தே குரல் வருகிறது. யோசுவா என்ற ரபி எழுந்து, தோராவின் சொல்லையே எடுத்து, "அது வானத்தில் இல்லை" என்கிறார். தீர்ப்பு பெரும்பான்மையின் பக்கமே போகிறது. அதைக் கேட்டு, "என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள்" என்று கடவுள் சிரித்ததாகத் தல்மூத் முடிக்கிறது. புதுக் கேள்வி வரும்போது உட்கார்ந்து வாதாடி முடிவெடுப்பது மனிதர் வேலை என்ற துணிச்சல் இந்தக் கதையில் இருக்கிறது.

சபாத் அன்று ஸ்விட்சைக்கூடத் தொடக்கூடாதாமே? மின்சாரம் எப்படி 'வேலை' ஆகும்?

சபாத் என்பது வாராந்தர ஓய்வு நாள். வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கிச் சனிக்கிழமை நட்சத்திரம் தெரியும்வரை, சுமார் 25 மணி நேரம். அன்று விலக்க வேண்டிய வேலைகளை 39 வகையாக மிஷ்னா பட்டியலிடுகிறது: உழுவது, விதைப்பது, அரைப்பது, நெய்வது, எழுதுவது, தீ மூட்டுவது இப்படி. வியர்வை சிந்துவதா என்பது இதில் அளவுகோல் கிடையாது. வீட்டுக்குள் மேசையை நகர்த்தலாம்; ஒரு தீக்குச்சி கிழிக்கக்கூடாது. உலகத்தில் ஒரு புது மாற்றத்தை உண்டாக்கும் செயல்தான் இங்கே வேலை.

மின்சாரம் வந்ததும் பெரிய விவாதம் எழுந்தது. பல்பின் இழை சூடேறி ஒளிர்வதால் அது தீ மூட்டுவதே என்றார்கள் பலர். சுற்றை இணைப்பது 'கட்டுவது' என்ற வகையில் வரும் என்றார் ஹசோன் இஷ் என அறியப்படும் ரபி. எருசலேமின் ஷ்லோமோ சல்மான் அவுர்பாக் அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து மறுத்தார். ஆனாலும் சமூகம் ஏற்றுக்கொண்ட வழக்கம் என்பதால் தொடவேண்டாம் என்றே முடித்தார். எனவே ஆர்த்தடாக்ஸ் வீடுகளில் விளக்குகளுக்கு முன்கூட்டியே டைமர் வைத்துவிடுவார்கள். யாரும் பொத்தானை அழுத்தாமலே மாடிக்கு மாடி நின்று போகும் சபாத் லிஃப்ட்கள் இஸ்ரேலில் சாதாரணம். கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு மின்சாரப் பயன்பாட்டையும், தொழுகைக்கூடத்துக்குக் காரில் போவதையும் அனுமதித்து 1950-இல் ஒரு பதிலை வெளியிட்டது. ரிஃபார்ம் பிரிவில் அவரவர் முடிவு.

இதனால் வீட்டுக்கு என்ன கிடைக்கிறது? ஒருநாள் ஃபோனை அணைப்பதைத்தானே இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்?

கடைப்பிடிக்கும் வீட்டில் வெள்ளி மதியம் ஒரே பரபரப்பு. சூரியன் மறைவதற்குள் சமையல் முடிந்தாக வேண்டும். மறுநாளைக்கான இறைச்சி, பீன்ஸ், பார்லி கலவை மெல்லிய சூட்டில் இரவெல்லாம் வேக வைக்கப்படும். விளக்கேற்றிவிட்டால் எல்லாம் நின்றுவிடும். பெற்றோர் பிள்ளைகள் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார்கள். திராட்சரசக் கிண்ணம், துணி மூடிய இரண்டு ரொட்டி, பாட்டு. மறுநாள் மாலைவரை எந்தச் செய்தியும் வராது, எதையும் வாங்க முடியாது. 'இப்போது ஃபோனை எடுக்கலாமா' என்று மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த முடிவை ஏற்கெனவே எடுத்தாயிற்று. தனி மனித உறுதியை மட்டும் நம்பும் முயற்சிகள் இரண்டே வாரத்தில் ஓய்ந்துபோவதையும், இது நிற்பதையும் ஒப்பிட்டால் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதே நேரத்தில் நிறுத்துகிறார்கள்.

சபாத்தை ஓய்வுப் பயிற்சியாக மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. அதுதான் என்னை மிகவும் தொட்டது. உபாகமத்தில் உள்ள கட்டளை உனக்கு மட்டும் ஓய்வு என்று சொல்லவில்லை. உன் வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் ஊரில் இருக்கும் அந்நியன் எல்லோரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. "உன்னைப்போல் அவர்களும் இளைப்பாற வேண்டும்". நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்று காரணமும் சொல்கிறது. நான் ஃபோனை அணைத்துவிட்டு ஓய்வெடுக்கும் ஞாயிறு அன்று, வீட்டு வேலை செய்யும் அம்மா லீவு கேட்டால் முகம் சுளிக்கிறேன் என்றால் நான் சபாத்தில் பாதியைக்கூடப் புரிந்துகொள்ளவில்லை.

சபாத் நேரத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால்?

உடனே ஃபோன் செய்ய வேண்டும், காரை எடுக்க வேண்டும். அனுமதி என்று சொல்வது போதாது, அது கடமை. உயிர் காப்பது ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளுக்கும் மேல். சிலை வழிபாடு, கொலை, தகாத உறவு ஆகியவற்றுக்கான மூன்று தடைகள் மட்டுமே இதற்கு விதிவிலக்கு. கட்டளைகளைக் கைக்கொண்டு 'வாழவேண்டும்' என்று தோராவின் மூன்றாம் நூலான லேவியராகமம் சொல்கிறதே, சாகவேண்டும் என்று சொல்லவில்லையே என்பது தல்மூத்தின் வாதம். ஆபத்து உறுதியாக இல்லாமல் சந்தேகமாக இருந்தாலும் இதே விதி. 2020-இல் கொரோனா பரவியபோது கண்டிப்பான ஆர்த்தடாக்ஸ் ரபிகள் பலரும் தொழுகைக்கூடங்களை மூடச் சொன்னது இந்த விதியின்படிதான்.

வாட்ஸப் குழுவில் உண்மையைத்தானே சொன்னேன், அதில் என்ன தப்பு?

யூத மரபு மிகக் கறாராக இருக்கும் இடம் இது. பொய்யைப் பரப்புவதற்குத் தனிப் பெயர், தனிக் குற்றம். லஷோன் ஹரா, அதாவது 'தீய நாவு' என்பது பெரும்பாலும் உண்மையைக் குறித்தது: ஒருவரைத் தாழ்த்தும் அல்லது அவருக்குத் தீங்கு தரும் உண்மை. 'உண்மைதானே' என்பது இங்கே தற்காப்பு வாதமாக எடுபடாது. சொல்பவர், கேட்பவர், பேசப்படுபவர் மூவரையும் அது கொல்கிறது என்கிறது தல்மூத். கேட்பவரும் அந்தக் கணக்கில் இருப்பதைக் கவனியுங்கள். குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது; நாம் ஒன்றும் எழுதுவதில்லை, படித்து ரசித்துவிட்டு நகர்கிறோம். நாமும் அந்த மூவரில் ஒருவர்தான்.

இன்றைய பெலாரஸில் உள்ள ராடின் என்ற சிற்றூரில் வாழ்ந்த இஸ்ரேல் மெயிர் ககான் (1933-இல் காலமானார்) இந்தப் பேச்சு விதிகளை எல்லாம் திரட்டி 1873-இல் ஒரு நூலாக வெளியிட்டார், தன் பெயரைப் போடாமல். 'வாழ்வை விரும்புகிறவன்' என்று பொருள்படும் அந்த நூலின் பெயராலேயே, ஹஃபெட்ஸ் ஹயிம் என்று உலகம் அவரை அழைக்கிறது. 'அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறைய இருக்கிறது, வேண்டாம்' என்று மர்மமாக நிறுத்துவதையும் அவர் குற்றத்தில் சேர்க்கிறார். கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

சொல்லியே ஆகவேண்டிய நேரமும் உண்டு. ஒருவர் கூட்டுத் தொழில் தொடங்கப் போகிறார், அல்லது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். அந்த ஆளால் ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும். அப்போது சொல்லலாம், நிபந்தனைகளோடு. நேரில் அறிந்ததாக இருக்க வேண்டும், காதில் விழுந்தது போதாது. மிகைப்படுத்தக் கூடாது. பழைய பகை உள்ளே இருக்கக் கூடாது. முடிந்தால் முதலில் அவரிடமே பேசிப் பார்க்க வேண்டும்.

இந்த விதி தவறாகப் பயன்பட்டதும் உண்டு, மறைக்கக் கூடாது. பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களை 'லஷோன் ஹரா பேசாதே' என்று வாயடைத்த சமூகங்கள் இருக்கின்றன. புறங்கூறித் திரியாதே என்று சொல்லும் அதே லேவியராகமம் 19:16, அடுத்த பாதியில் "உன் அயலானின் இரத்தம் சிந்தப்படும்போது சும்மா நிற்காதே" என்கிறது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் வசனத்தையே வெட்டிவிட்டார்கள்.

பிள்ளையின், துணைவரின் ஃபோனைத் திறந்து பார்க்கலாமா?

1,000-ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்த ரபேனு கெர்ஷோம் பெயரில் வழங்கும் தடைகளில் ஒன்று: பிறர் கடிதத்தை அவர் அனுமதி இல்லாமல் படிக்கக் கூடாது, மீறினால் சமூக விலக்கு. வணிகர்கள் வழிப்போக்கர் கையில் கடிதம் கொடுத்தனுப்பிய காலம் அது. இன்றைய ரபிகள் மின்னஞ்சலுக்கும் ஃபோனுக்கும் இதையே நீட்டுகிறார்கள். சிறு பிள்ளையின் பாதுகாப்பு குறித்த உண்மையான அச்சம் இருந்தால் விஷயம் வேறு. வெறும் ஆர்வத்துக்கு இடமில்லை.

கடையில் போட்டுப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கினால் தவறா?

மிஷ்னாவில் நேரடி விதி இருக்கிறது: வாங்கும் எண்ணம் இல்லாமல் 'இது என்ன விலை?' என்று கேட்காதே. கடைக்காரர் மனத்தில் ஓர் ஆசையை எழுப்பி ஏமாற்றுகிறாய். இது 'சொல்லால் இழைக்கும் அநீதி'. யாரும் கண்டுபிடிக்க முடியாத குற்றம் இது, உன் எண்ணம் உனக்கு மட்டுமே தெரியும். விலை ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. குறைந்தால் இங்கேயே வாங்குவேன் என்ற எண்ணம் இருந்தால் சரி. மூன்று ஜோடிச் செருப்பை எடுத்துவரச் செய்து, அளவு தெரிந்துகொண்டு, வாசலில் நின்றே ஃபோனில் ஆர்டர் போடுவதைத்தான் அது நிறுத்தச் சொல்கிறது.

அதே பத்தியில் அடுத்து வருவதையும் சொல்ல வேண்டும். மனம் திருந்தியவரிடம் 'நீ முன்பு என்ன செய்தாய் என்று நினைத்துப் பார்' என்று சொல்லாதே. பத்து வருடத்துக்கு முன் ஒருவர் எழுதிய பதிவைத் தோண்டியெடுத்துப் போடும்போது எனக்கு இந்த வரி ஞாபகம் வரும். மேலே சொன்ன அடுப்புக் கதையும் தல்மூத்தில் இந்த இடத்தில்தான் வருகிறது. ஏனென்றால் அது சிரிப்போடு முடியவில்லை. வாதத்தில் வென்றவர்கள் எலியேசரைச் சமூகத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். அவர் அழுத அழுகைக்கு விலையாக அந்த ரபிகளின் தலைவரான கமாலியேலின் உயிர் போயிற்று என்கிறது தல்மூத். வாதத்தில் நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது. அவமானப்படுத்தியதற்கு அது சமாதானம் ஆகவில்லை.

வேலை வாங்குபவர்களுக்கு என்ன சொல்கிறது?

கூலியை அன்றன்றே கொடு, சூரியன் மறையுமுன் கொடு. தினக்கூலி பற்றி உபாகமம் சொல்வது இது. மாதச் சம்பளமானால் தவணை முடிந்த அன்றே. உபாகமம் சொல்லும் காரணம், 'அவன் ஏழை, அதன்மேல் உயிரை வைத்திருக்கிறான்' என்பது. அந்தச் சொல்லைத் தல்மூத் இப்படி விரிக்கிறது: இவன் எதற்காக ஏணியில் ஏறினான், மரத்தில் தொங்கினான், சாவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தான்? கூலிக்காகத்தானே? மழையில் பைக்கில் உணவு கொண்டுவரும் பையனின் கணக்கில் பணம் வாரக்கணக்கில் நிலுவையில் இருந்தால், அவன் தொங்கிக்கொண்டிருக்கும் மரம் அதுதான்.

தானத்தைப் பற்றி?

எபிரேயத்தில் தானத்துக்கான சொல் செதாக்கா. 'நீதி' என்ற வேர்ச்சொல்லில் பிறந்தது. வருமானத்தில் பத்தில் ஒன்று என்பது வழக்கம்; ஐந்தில் ஒன்றுக்கு மேல் கொடுத்து நீயே கையேந்தும் நிலைக்கு வராதே என்றும் கட்டுப்பாடு உண்டு. தானம் வாங்கி வாழ்பவரும் தன்னால் ஆனதைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் மரியாதையை அவரிடமிருந்து பறிக்கக் கூடாதல்லவா.

12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவரும் சட்ட அறிஞருமான மைமோனிடிஸ் தானத்தை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தினார். அடிப்படி, முகம் வாடிக்கொண்டு கொடுப்பது. மேலே ஏற ஏறக் கொடுப்பவர் மறைகிறார். காசைத் துணியில் முடிந்து முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு நடந்த அறிஞர்களை அவர் குறிப்பிடுகிறார். ஏழைகள் பின்னாலிருந்து எடுத்துக்கொள்வார்கள், யார் எடுத்தது என்று இவருக்குத் தெரியாது. உச்சிப் படி, கடனோ வேலையோ கொடுத்து, அல்லது தொழிலில் பங்காளியாகச் சேர்த்து, அவர் இனி யாரிடமும் கேட்கத் தேவையில்லாமல் செய்வது. அரிசி மூட்டை கொடுக்கும்போது வாங்குபவரின் முகத்தைப் படம் பிடித்துப் போடும் வழக்கம் இந்த ஏணியில் எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

உச்சிப் படிக்கு இன்றைய வடிவம் 'கெமாக்' எனப்படும் வட்டியில்லாக் கடன் அமைப்புகள். பணம் மட்டுமா, கல்யாண உடை, தொட்டில், மடக்கு நாற்காலிகூட இரவல் கிடைக்கும். 1976-இல் எருசலேமில் தொடங்கிய யாத் ஸாரா சக்கர நாற்காலி, ஊன்றுகோல், ஆக்சிஜன் கருவிகளை இரவல் கொடுக்கிறது.

கல்யாணச் செலவும் சாவுச் செலவும் குடும்பத்தை முழுகடிக்கின்றனவே?

யூதர்களுக்கும் இந்தப் பிரச்சினை இருந்தது. ஒரு காலத்தில் சாவைவிட அடக்கச் செலவு பாரமாகி, உறவினர்கள் சடலத்தைப் போட்டுவிட்டு ஓடும் நிலை வந்ததாம். கமாலியேல் என்ற தலைவர், வசதியும் பதவியும் உள்ளவர், தன்னைச் சாதாரண லினன் துணியில் கட்டி எடுத்துப்போகச் சொன்னார். அதன்பின் எல்லோரும் பின்பற்றினார்கள். இன்றுவரை பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே வெள்ளைத் துணிதான். யூத நாட்காட்டியின் ஆவ் மாதத்து விழாவில் எருசலேமின் பெண்கள் எல்லோரும் இரவல் வாங்கிய வெள்ளை உடையில்தான் ஆடப் போவார்கள் என்று மிஷ்னா சொல்கிறது, இல்லாதவள் வெட்கப்படக் கூடாது என்பதற்காக. பணம் உள்ளவளும் இரவல்தான் வாங்க வேண்டும். மாற்றம் மேலிருந்து தொடங்கியது என்பதுதான் இரண்டிலும் முக்கியம்.

துக்க வீட்டில் என்ன பேசுவது என்றே தெரிவதில்லை.

பேச வேண்டாம். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பதே விதி. பைபிளில் பிள்ளைகளை இழந்து துன்புற்ற யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவனோடு சும்மா உட்கார்ந்திருந்தார்களே, அதிலிருந்து வந்தது. ஷிவா என்ற அந்த ஏழு நாளும் குடும்பத்தார் வீட்டிலேயே தாழ்வான இருக்கையில் இருப்பார்கள், வேலைக்குப் போவதில்லை. அடக்கம் முடிந்து முதல் சாப்பாட்டை அயலார்தான் கொண்டுவர வேண்டும். பிறகு முப்பது நாள், பெற்றோருக்கு ஓராண்டு என்று படிப்படியாகத் தளரும். மூன்றே நாளில் 'நார்மல்' ஆகிவிட வேண்டும் என்று அலுவலகம் எதிர்பார்க்கும் காலத்தில், துக்கத்துக்கு ஒரு கால அட்டவணை இருப்பது பெரிய இரக்கம். கொரோனா காலத்தில் பலர் ஸூமில் ஷிவா உட்கார்ந்தார்கள். இறந்தவருக்கான கதீஷ் செபத்துக்குப் பத்துப் பேர் ஓரிடத்தில் கூட வேண்டும். திரையில் தெரிவோரைக் கணக்கில் சேர்க்க ஆர்த்தடாக்ஸ் ரபிகள் ஒப்பவில்லை, கன்சர்வேட்டிவ் பிரிவில் நெருக்கடி கருதிச் சிலர் அனுமதித்தார்கள்.

'யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்' என்று எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினால் போதுமா?

போதாது. யோம் கிப்பூர் எனும் பாவநிவாரண நாள் கடவுளுக்கு எதிரான பாவத்துக்கே பரிகாரம்; மனிதருக்குச் செய்ததற்கு அந்த மனிதரிடமே போய்ச் சமாதானம் செய்யும்வரை பரிகாரமில்லை என்று மிஷ்னா சொல்கிறது. பணம் பறித்திருந்தால் முதலில் பணம். அவர் மறுத்தால் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் முறை, மூன்றாம் முறை போக வேண்டும். அதற்கும் இரங்காவிட்டால் பாரம் இனி அவர்மேல். முழு மனந்திரும்புதல் எது என்ற கேள்விக்கு மைமோனிடிஸ் சொல்வது: அதே சூழ்நிலை, அதே வாய்ப்பு மறுபடி வரும்போது செய்யாமல் விடுவது.

செயற்கை நுண்ணறிவு, ஆய்வக இறைச்சி போன்றவற்றுக்குமா பதில் இருக்கிறது?

ராவா என்ற ரபி ஒரு மனிதனை உண்டாக்கி இன்னொரு ரபியிடம் அனுப்பினார். பேச்சுக் கொடுத்தும் பதில் வராததால் அவர் அதை மண்ணுக்கே திருப்பி அனுப்பினார் என்று தல்மூத்தில் ஒரு கதை. இப்படி உண்டாக்கப்பட்ட உருவத்தைத் தொழுகைக்கான பத்துப் பேரில் சேர்க்கலாமா என்று 1712-இல் அச்சான தன் பதில்களில் ட்ஸ்வி அஷ்கெனாசி விவாதித்து, கூடாது என்றார். இன்று எந்திர அறிவைப் பற்றி எழுதும் ரபிகள் தொடங்குவது இந்தப் பக்கங்களிலிருந்து. எந்திரம் இப்போது நன்றாகவே பேசுவதால் பழைய சோதனை போதாது என்பது என் எண்ணம். ஆய்வக இறைச்சியைப் பொறுத்தவரை, 2023 ஜனவரியில் இஸ்ரேலின் அப்போதைய தலைமை ரபிகளில் ஒருவரான டேவிட் லாவ் ஒரு நிறுவனத்தின் வளர்ப்பு மாட்டிறைச்சியை இறைச்சியும் அல்லாத பாலும் அல்லாத வகையில் சேர்த்தார் (இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணக் கூடாது என்பது யூத உணவு விதி). மற்ற ரபிகள் சிலர் ஏற்கவில்லை.

இந்த மரபு தடுமாறும் இடமே இல்லையா?

இருக்கிறது. யூத மணமுறிவில் கணவன்தான் 'கெட்' என்ற விலக்குப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். அவன் பழிவாங்கவோ பணம் பறிக்கவோ மறுத்தால் அவள் மறுமணம் செய்ய முடியாது. அவளுக்கு அகுனா, 'கட்டுண்டவள்' என்று பெயர். ரபேனு கெர்ஷோம் மனைவியின் சம்மதமில்லாமல் விலக்கக் கூடாது என்று தடை போட்டு ஒரு பக்கத்தைச் சரிசெய்தார். மறுபக்கம் ஆயிரம் ஆண்டாக முழுதும் சரியாகவில்லை. இஸ்ரேல் 1995-இல் போட்ட சட்டப்படி மறுக்கும் கணவனின் ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்கலாம், சிறையிலும் அடைக்கலாம். அமெரிக்காவில் ஆர்த்தடாக்ஸ் திருமணங்கள் பலவற்றில் முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதுகிறார்கள்: பிரிந்தபின் பத்திரம் கொடுக்காத ஒவ்வொரு நாளுக்கும் கணவன் பணம் தரவேண்டும். இவை உதவுகின்றன, ஆனாலும் கட்டுண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடன் சட்டத்துக்கு ஹில்லேல் கண்ட துணிவான வழி இங்கே ஏன் பிறக்கவில்லை என்று யூதப் பெண்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

நான் யூதர் இல்லை. இதையெல்லாம் கடைப்பிடிக்கலாமா?

யூத மதம் ஆள் சேர்ப்பதில்லை. மற்றவர்களுக்குக் கொலை, திருட்டு விலக்குவது, நீதிமன்றம் அமைப்பது உள்ளிட்ட நோவாவின் ஏழு கட்டளைகள் போதும் என்கிறது. சபாத் அவர்களுக்கான உடன்படிக்கையின் அடையாளம். அதை அப்படியே எடுத்து நடத்துவது மரியாதையாக இருக்காது. பேச்சு, கூலி, மன்னிப்பு பற்றிய விதிகளுக்கு அந்தத் தடை இல்லை. நான் இரண்டை எடுத்துக்கொண்டேன். வாங்காத பொருளுக்கு விலை கேட்பதில்லை. வீட்டில் வேலை செய்பவர்களுக்கு அன்றைய கூலியை இருட்டுமுன் கொடுத்துவிடுகிறேன். சில்லறை இல்லை, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்வதை நிறுத்த எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.